கை தூக்கிய ஞாயிறு

ஆராதனையின் நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்ததும், அவள் முன்வரிசைக்காரர்களுக்குக் கை கொடுத்தாள், பக்கத்திலிருந்த கணவனுக்குக் கொடுத்தாள், இடைவழியைத் தாண்டிப் போய் ஒரு கைக்குழந்தையின் விரலைக்கூடப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தாள். பின்வரிசையில், கை எட்டும் தூரத்தில் நின்ற சொந்த அண்ணனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவரும் சும்மா இருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதில் இல்லாத தூசியை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் அது சுத்தமானது.

போன தேர்தல்வரை இருவரும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். அண்ணன் மருந்துக்கடைக்காரர். சபையில் பாதிப்பேருடைய சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அவருக்கு மனப்பாடம். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்க வந்தவர்கள் பதறுவதற்கு முன்பே தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிடுவதால் ‘பிரேக் அக்கா’ என்று பெயர். தேர்தல் வந்தது. அண்ணன் காரின் பின்கண்ணாடியில் ஒரு கட்சியின் ஸ்டிக்கர் ஏறியது. ‘கடவுள் பயம் உள்ள ஒரே கட்சி’ என்று சபையின் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட, ‘கடவுள் எப்ப உறுப்பினர் அட்டை வாங்கினார்?’ என்று இவள் கேட்க, அண்ணி குழுவைவிட்டே வெளியேறினாள். அப்புறம் வந்த பிறந்தநாளிலும் அப்பாவின் நினைவுநாளிலும் பேச்சு வெயில், மழையோடு நின்றுவிட்டது. போதகர் பாடு அதைவிடத் திண்டாட்டம். ஆட்சியில் இருப்பவர்களுக்காக ஜெபித்தால் ஒரு பக்கம் முறைத்தது. ஏழைகளுக்காக ஜெபித்தால் மறுபக்கம், “யாரைச் சொல்றார் பார்த்தியா?” என்று முழங்கையால் இடித்துக்கொண்டது. கடைசியில் மனுஷன் நோயாளிகளுக்காகவும் பரீட்சை எழுதுகிறவர்களுக்காகவும் மட்டும் ஜெபிக்கிறவராகிவிட்டார்.

அந்த வாரம்தான் தண்டவாளத்தை ஒட்டியிருந்த குடிசைகளை அரசாங்கம் இடித்துத் தள்ளியிருந்தது. சொன்னதைச் செய்துவிட்டோம் என்று அண்ணனின் கட்சி சுவரொட்டி ஒட்டியது. இடிபட்டவர்களில் சில குடும்பங்கள் ஆலயத்து மதிலோரம் தார்ப்பாய் கட்டி மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தன. பின்பக்க மண்டபத்தை அவர்களுக்குக் கொஞ்ச நாள் திறந்துவிடுவதா என்று முடிவு செய்யத்தான் ஆராதனை முடிந்ததும் சபையார் கூடினார்கள்.

அவள்தான் முதலில் எழுந்தாள். “மண்டபம் சும்மாத்தானே கிடக்கு? மழை ஓயுறவரைக்கும் திறந்து விடுவோம். இதுக்கெல்லாம் கூட்டமே தேவையில்ல.”

“இரக்கம் வேற, சட்டம் வேற” என்றார் அண்ணன். உட்கார்ந்தபடி, போதகரைப் பார்த்துச் சொன்னார். “இன்னைக்கு உள்ள விட்டா நாளைக்கு எப்படிப் போகச் சொல்லுவீங்க? அப்ப போலீஸைக் கூப்பிட வேண்டியது நீங்கதான் பாஸ்டர். இன்னைக்குக் கை தட்டுறவங்க ஒருத்தரும் வர மாட்டாங்க.”

“பாஸ்டர்கிட்ட ஏன் சொல்றீங்க? நான் இங்கதானே நிக்கிறேன். என்கிட்ட சொல்லுங்கண்ணே.”

“உன்கிட்ட சொல்லித்தான் ஒரு வருஷமா பார்க்கிறேனே.”

யாரோ சிரித்தார்கள். அவள் பைபிளிலிருந்து ஒரு வசனத்தைச் சொன்னாள். அவர் இன்னொரு வசனத்தைச் சொன்னார். இரண்டையும் ஒரே ஞாயிறுப் பள்ளியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படித்தவர்கள்தான். அவள் மறந்துபோன வரியை அன்றைக்கு எடுத்துக் கொடுத்தவரும் இதே அண்ணன்தான். இப்போது அந்த வரிகள் கூரைக்குக் கீழே எறிகல் மாதிரிப் பறந்தன. “ஜெபம் பண்ணிட்டு, அடுத்த வாரம் நிதானமா…” என்று போதகர் இழுத்தார். “அதுவரைக்கும் மழை காத்துக்கிட்டு இருக்குமா பாஸ்டர்?” என்றாள். வேறு வழியில்லாமல் அவர், திறக்கலாம் என்பவர்களை முதலிலும் வேண்டாம் என்பவர்களை அடுத்தும் கை தூக்கச் சொன்னார். அவள் சுற்றிலும் பார்த்தாள். கூட நிற்பார்கள் என்று நம்பிய சில கைகள் மடியிலேயே கிடந்தன. கணவனின் கைகள் இரண்டு தடவையும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன. மண்டபம் திறக்கவில்லை.

“ஏன் கை தூக்கல?” என்று வாசலில் கணவனைப் பிடித்தாள்.

“உங்க அண்ணன் தங்கச்சி சண்டையில நான் எதுக்கு?”

“இது அண்ணன் தங்கச்சி சண்டையா?”

“வேற என்னவாம்?” என்றவன், தான் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லிக் குடையை விரித்தான்.

அவள் வண்டி நிறுத்தியிருந்த பக்கம் வந்தபோது மழை வலுத்திருந்தது. மதிலோரத் தார்ப்பாயின் கீழே, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை சேற்றில் உரச, அண்ணன் குந்தியிருந்தார். ஒரு பெண்ணின் மடியில் கிடந்த குழந்தையின் வாயில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். “இப்ப ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி. நனைய மட்டும் விடாதீங்கம்மா.”

“நனைய விடாம எங்க வச்சுக்குவா?” என்று கேட்டபடி அவள் தார்ப்பாயருகே வந்தாள். “இப்பத்தானே மண்டபத்தைச் சாத்திட்டு வந்தீங்க?”

அவர் மூடியைத் துடைத்துப் பாட்டிலில் திருகிவிட்டுத்தான் எழுந்தார். “காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறது என் வேலை. அதுக்காக என் நியாயம் மாறிடுமா?”

“எப்படிண்ணே ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்கு?”

“ஏன், உனக்குள்ள இல்லையா? உன் வீட்டு முன் ரூம் காலியாத்தானே கிடக்கு. சபை மண்டபம்னா மட்டும் உனக்கு உடனே கை எழும்புது.”

‘அது வேற’ என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த அறையில் யாரும் மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிளும், இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிக் குவியலும் தவிர ஒன்றுமில்லை. கூட்டத்தில் பேசும்போதே அது ஒரு கணம் கண்ணுக்குள் வந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டிருந்தாள். அண்ணன் முழுக்கக் கெட்டவராக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா! கை கழுவிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். சேற்றுக் கறையோடு எதிரே நின்றவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, பிடித்துத் தள்ளவும் தோன்றியது. இரண்டில் எதையும் செய்ய முடியாத எரிச்சலில் அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

“பிள்ளையைத் தூக்கிட்டு வந்து கார்ல ஏறும்மா.”

அந்தப் பெண் அண்ணனைத்தான் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகே எழுந்தாள். அதுவும் தங்கைக்குச் சுருக்கென்றது.

“நான் சொன்னேன்னு செய்யாத” என்றார் அண்ணன்.

“உங்களுக்காக நான் ஒண்ணும் செய்யல.”

தார்ப்பாய்க்குள்ளிருந்து மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் பாதி எழுந்து, கார் நகர்ந்ததைக் கண்டு மறுபடி உட்கார்ந்தார்.

“எங்கக்கா போறோம்?” என்றாள் அந்தப் பெண், பின்னாலிருந்து.

“சொல்றேன்” என்றாள்.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. இடப்பக்கம் திரும்பினால் வீடு. அங்கே கணவன் இந்நேரம் நனைந்த காலுறைகளைக் கழற்றிக்கொண்டிருப்பான். வலப்பக்கம் ஊர்க்கோடியில் அரசாங்கம் திறந்த முகாம். இடமில்லை என்று அங்கே காலையிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்பினார்களாம். விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், இன்னொருவனும் சேர்ந்துகொண்டான். அவள் கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தாள். குழந்தை தூங்கிப்போயிருந்தது. அந்தப் பெண் ஒரு கையால் அதை அணைத்தபடி, தன் உடம்பிலிருந்து சொட்டி இருக்கையில் தேங்கிய தண்ணீரைத் தோளில் கிடந்த ஈரத் துண்டால் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் இன்னும் பரவியது.