சோப்பு பட்ட தாள்

"வெயிலுக்கு உப்பு பிடிக்காதாப்பா?"

ஐந்து வயதில் எப்சி கேட்ட கேள்வி. அவள் அப்பா தேவஇரக்கம் தண்ணீர் பிடிக்க வருகிறவர்களிடம் அதை இன்றும் சொல்லிச் சிரிப்பார். கான்சாபுரத்து உப்புக் கிணற்றோரம், வெயிலால் நல்ல தண்ணீர் எடுக்கும் மிஷினுக்கு அவர்தான் பொறுப்பு. கண்ணாடிக்கடியில் சூடேறும் நீரின் ஆவி மட்டும் ஒரு வெள்ளைத் தாளைக் கடந்து போய்க் குளிரும். உப்பு இப்பாலேயே நின்றுவிடும். தண்ணீரில் கிடந்தாலும் நனையாத தாள். சோப்பு மட்டும் ஆகாது, பட்டால் தாள் நனைந்து உப்பையும் விட்டுவிடும். அதை ஊருக்கே சொல்லியிருந்தார். பேறுகாலம் முடிந்து சேத்தூரிலிருந்து புதிதாய்த் திரும்பியிருந்த பாண்டிசெல்விக்குத்தான் தெரியாது.

ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் அவள் வீட்டில் பாய் முதல் வாசற்படி வரை கழுவினாள். தண்ணீர் எடுக்கப் போனபோது தாள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தேவஇரக்கம் சாப்பிடப் போயிருந்தார். தாகம் தீர்க்கிற பொருளாயிற்றே என்று அதையும் சோப்புத்தூள் போட்டு நுரை பொங்கத் தேய்த்து அலசிவைத்தாள்.

இருட்டியபின் தேவஇரக்கம் தாளை எடுத்து மாட்டினார். மறுநாள் குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது. அதில் கரைத்துக் கொடுத்த பால்பவுடரையெல்லாம் குழந்தை வாந்தியெடுத்தது.

"நல்ல தண்ணியத் தேர்க்கூட்டத்துக்கு வித்துட்டு, எம்பிள்ளைக்கு உப்பா ஊத்துதீரு?"

அவள் புருஷன் முத்துக்குமரன் மம்பட்டிக் காம்போடு பாய்ந்தான். முதல் அடியில் தேவஇரக்கத்தின் உதடு கிழிந்தது.

"ஏலே, செத்த பொறு. தாளப் பாக்கேன்."

தாள் வழுக்கியது, எலுமிச்சை சோப்பு மணத்தது. நிமிர்ந்தார். எதிரே பாண்டிசெல்வி முந்தானையை வாயில் திணித்தபடி நின்றிருந்தாள். அவள் முழங்கையில் பழைய அடியின் நீலம் இன்னும் ஆறவில்லை.

"யாருவே சோப்புப் போட்டது?" தாளை மோந்த முத்துக்குமரன் கத்தினான்.

"நாந்தாம்லே. புத்தி கெட்டுப் போச்சு."

பொய் பாவம்தான். அன்று அது ஒருத்தியின் தலைக்குமேல் குடையாய் விரிந்தது.

"ஊருக்கெல்லாம் சோப்பு ஆகாதுன்னு ஓதுன வாயி இதுதானவே!"

காம்பு இறங்கியது. காய்ந்த மிளார் முறிவதுபோல் கை எலும்பு முறிந்தது. விழுந்தவரின் விலாவில் உதைத்தான், முதுகில் அடித்தான், காம்பே ஒடிந்தது. வெள்ளைத் தாளில் ரத்தம் தெறித்தது. நாலு பேர் சேர்ந்துதான் அவனை இழுக்க முடிந்தது.

பத்து நாளில் புதுத் தாள் வந்தது. கண்ணாடியைத் தினமும் துடைக்காவிட்டால் வெயில் உள்ளே இறங்காது. மாவுக்கட்டுக் கையோடு அவர் பாதியைத்தான் எட்டித் துடைத்தார், தண்ணீர் குறைந்தது.

அடுத்த நாள் ஊர் எழுமுன் பாண்டிசெல்வி வாளியோடு வந்தாள். வெறும் தண்ணீர், பழைய வேட்டித் துணி. மூலைவரை துடைத்தாள். தாளைத் தொடவில்லை.

"அண்ணாச்சி" என்றாள், யாருமில்லாத இடத்தைப் பார்த்து.

ஈரத்தில் பதிந்திருந்த தன் கால்தடத்தையும் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். கட்டுப் பிரிக்கும்வரை ஒருநாளும் தவறவில்லை.