டிக்கிக்குப் போன பேட்டரி

திரைச்சீலை தைத்துக் கொடுப்பவளுக்குக் காரின் மற்ற பாகங்கள் எக்கேடு கெட்டால் என்ன, டிக்கி மட்டும் அவளுடையது. துணிச் சுருள், கம்பி, வளையம், மடக்கு ஏணி எல்லாம் அதில்தான் வீடு வீடாகப் போகும். அன்று காலை சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து டிக்கியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மூலையில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய பேட்டரி ஒன்று, குத்தகைக்கு எடுத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு ஒயர், விரிப்புக்கு அடியில் புகுந்து முன்பக்கம் போயிருந்தது.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு இங்க வந்துச்சு?"

"முன்னாடி எடை ஜாஸ்தியாம். பின்னாடி வச்சா வளைவுல வண்டி நல்லா ஒட்டிப் போகும்."

"யாரு சொன்னது?"

"உன் தம்பிதான்."

ஒரு சைக்கிளை முந்துவதற்கே நாலு தடவை ஹாரன் அடிக்கிற மனுஷன், வளைவில் ஒட்டிப் போய் எந்தக் கோப்பையை வாங்கப் போகிறார்? அவளுக்கு அப்போதே பொறி தட்டியது. சீட்டுக்கு உறை வாங்குவதென்றாலும் அவளைக் கேட்காமல் வாங்காதவர் அவர். இதை மட்டும், அவள் நேற்று வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் செய்து முடித்திருக்கிறார்கள். தம்பிக்கு அந்தக் காரின்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். மாமனும் மச்சானும் சேர்ந்து காரைக் கைமாற்றப் பார்க்கிறார்களோ என்று நினைத்தாள். கார் போனால் அவள் தொழில் படுத்துவிடும்.

அவர் குளிக்கப் போனதும் காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பேட்டரி இருந்த இடம் காலியாக இல்லை. அங்கே புத்தம் புதிதாக ஒரு உருண்டை டப்பா இருந்தது. அதிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று இஞ்சினுக்குள் ஓடியது. எடையைக் குறைக்க எடுத்தார்களாம், எடுத்த இடத்தில் இன்னொன்றை வைத்திருக்கிறார்கள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

நேரே தம்பியின் ஷெட்டுக்கு நடந்தாள். தெருவில் அவனுக்கு ஸ்பேனர் என்றுதான் பெயர். ஒரு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனின் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"அந்த டப்பா என்னடா?"

"அக்கா, கேக்காத. மாமா சத்தியம் வாங்கியிருக்காரு."

"அம்மாகிட்ட சொல்லட்டுமா, நீ போன மாசம் யாரோட சினிமாவுக்குப் போனேன்னு?"

ஸ்பேனர் சத்தியத்தை அதற்கு மேல் காப்பாற்றவில்லை. "அது கிளட்சை அமுக்குற சமாச்சாரம். கியர் தடியில ஒரு பட்டன் இருக்கு. தொட்டா கிளட்ச் தானா விழும், இடது காலுக்கு வேலையே இல்ல. டப்பாவை மாட்ட வேற இடம் கிடைக்கல, அதான் பேட்டரியப் பின்னால தள்ளினேன். எல்லாம் உனக்காகத்தான். முட்டி வலியோட ஓட்டுறியேன்னு மாமா ஆசையாச் செய்யச் சொன்னாரு. முழுசா முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தாரு."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படிப்பட்ட மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மாடிப்படியின் பாதியில் முட்டி வழக்கம்போல் சுரீரென்றது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். சுரீரென்றது வலது முட்டி. அவளுக்கு வலிப்பது என்றைக்கும் வலது முட்டிதான். அதற்குத் தினமும் தைலம் தேய்த்துவிடுகிறவரே அவர்தான். அவருக்கு இடது வலது தெரியாமல் போகுமா?

தம்பியிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறார். அந்த டப்பா அவளுக்கு இல்லையென்றால், வேறு யாருடைய இடது காலுக்கு?

உள்ளே அவர் நாற்காலியில் சாய்ந்து, கால்களை நீட்டி, பேப்பரை விரித்து வைத்திருந்தார். மேஜையில் வேன் சாவி இருந்தது. மதியம் மறுபடி பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்பிவிடுவார். அவள் ஒரு திரைச்சீலையை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்து, விளிம்பை மடித்துக் குண்டூசி குத்தினாள். பிறகு ஒரு குண்டூசியை அவருடைய இடது கால் சுண்டுவிரலில் லேசாக வைத்து அழுத்தினாள்.

அவர் பக்கத்தைப் புரட்டினார்.

இன்னும் அழுத்தினாள்.

"சாயங்காலம் மழை வருமாம்" என்றார் அவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

ஊசியை அப்படியே விட்டுவிட்டு, "இங்க பாருங்க" என்றாள். அவர் பேப்பரை இறக்கிக் காலைப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் முத்திட்டு நின்றது.

"எப்பக் குத்தின?" என்று கேட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான். பாதம் மட்டும் மரத்துப் போகுது. தொடையில பலம் இருக்கு. டாக்டர்கிட்ட போனா வண்டி ஓட்டாதேன்னுடுவாரு. அதுக்குத்தான் போகல."

"கார்ல பேட்டரிய மாத்தி வழி பண்ணிட்டீங்க. வேனுக்கு?"

"அது பள்ளிக்கூடத்து வண்டி. கைவைக்க விடமாட்டாங்க."

"அப்போ பெடல் மேல கால் இருக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"குனிஞ்சு பாத்துக்குவேன்" என்றார் அவர்.

"பிள்ளைங்கள வச்சுக்கிட்டா?"

அவர் மேல் அவளுக்கு இரக்கம் பொங்கியது, அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. எழுந்து வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பள்ளிக்கூட ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் விடு. பொறுமையா ஓட்டிட்டு வந்துடுறேன்."

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சரி, கொடு" என்று அவர் கையை நீட்டினார். "நானே சொல்லிடுறேன்."

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டு அவள் எதையும் கொடுக்காமல் இருந்ததில்லை. போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.