வெளிப்பக்கம் திறக்கும் கதவு

தையல்காரியின் கணவருக்கு லாரி ஓட்டுவதுதான் தொழில். ஆயிரம் மைல் வண்டியை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தவர், சொந்த வீட்டுப் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்தாயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். குளியலறைதான் சம்மதிக்கவில்லை. அவர் வாக்கரோடு உள்ளே போனால், உள்பக்கமாகத் திறக்கும் கதவு அதில் இடித்துப் பாதியில் நின்றுவிடும். மூடாத மீதிக்கு ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அந்தப் போர்வையைத் தாண்டித்தான் மிஷினுக்கு வரவேண்டும். வந்தவர்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போவார்களா? அவர்கள் ஊர்க்கதை எல்லாம் பேசி முடிக்கும்வரை மனிதர் தலை நிறைய சோப்பு நுரையோடு, மூச்சுக் காட்டாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

“என் மானம் கப்பலேறுதுடி. கதவ மூடிக் குளிக்க முடியலன்னா எனக்குக் குளியலே வேண்டாம்.”

சொன்னபடியே நான்கு நாளாகக் குளிக்கவில்லை. ஆறடி மனிதர் இப்படிச் சுருங்கிப்போனதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் தம்பி பெயின்டர். “கவலைய விடுக்கா. ரெண்டே நாள்ல பாத்ரூமப் பெருசாக்கிக் காட்டறேன்” என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தான். அழுக்குப் பச்சைச் சுவருக்கு வெள்ளை அடித்தான். மூலையில் குவிந்துகிடந்த ஓட்டை வாளிகளைத் தூக்கிப் போட்டான். கதவுக்கு எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டினான். பொய் சொல்லக்கூடாது, அறை இரண்டு மடங்காகத்தான் தெரிந்தது. தம்பிக்குப் பெருமை பிடிபடவில்லை.

மனிதர் வாக்கரோடு உள்ளே போனார். போன வேகத்தில் குரல் வந்தது.

“மச்சான், முன்னாடி இங்க ஒருத்தன்தான் மாட்டிக்கிட்டு முழிச்சான். இப்ப ரெண்டு பேரு!”

கதவு அதே பாதியில்தான் நின்றது. போதாததற்கு, போர்வை கொஞ்சம் விலகினால் கண்ணாடி வழியாக அவர் முழுசாக வெளியே தெரிந்தார்.

“லைட்ட மாத்திப் பாக்கலாமா?” என்றான் தம்பி.

தையல்காரிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “ஏண்டா, சட்டை இறுக்குதுன்னு வர்றவருக்கு நான் வேற கலர் துணியக் காட்டியா அனுப்பறேன்? உள்மடிப்பப் பிரிச்சுத்தானே விடறேன்!”

சொன்னவளுக்கே பொறி தட்டியது. கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக் கதவை அளந்தாள். இருபத்தாறு அங்குலம். அது உள்ளே வந்து திரும்புவதற்கென்றே அறையில் பாதி இடம் போய்க்கொண்டிருந்தது.

“டேய், இந்தக் கதவக் கழட்டு. வெளிப்பக்கமாத் திறக்கிற மாதிரி மாட்டு.”

“வெளிய உன் மிஷின் இடிக்குமேக்கா. ஜன்னல் வெளிச்சம் வேணும்னு பத்து வருஷமா அத யாரையும் தொடவிடலையே நீ?”

அவள் மிஷினின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினாள். “வேடிக்கை பாக்காத. அந்தப் பக்கம் பிடி.” மிஷின் வாசலறைக்குப் போயிற்று. இனிமேல் ஊர்க்கதையும் அங்கேயே நின்றுகொள்ளும்.

கீலை மாற்றி, தாழ்ப்பாளைப் பொருத்தி முடிக்க மத்தியானம் ஆயிற்று. மனிதர் உள்ளே போனார். கதவு முழுசாக மூடியது. அப்புறம் ‘டக்’கென்று தாழ்ப்பாள் விழுந்தது. தையல்காரி சந்தோஷத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தம்பி பார்த்துவிட்டால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அரை மணி போயிற்று. முக்கால் மணியும் போயிற்று. உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, கூடவே தாளத்துக்கு அடங்காத ஒரு பாட்டும். தம்பிக்கோ அவசரம். கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்தான். கடைசியில் பொறுக்கமுடியாமல் கதவைத் தட்டினான்.

நான்கு தெருவுக்குக் கேட்கிற குரலில் பதில் வந்தது.

“யாருய்யா அது? உள்ள ஆள் இருக்கு!”