துக்கவீட்டுக்குப் போன அப்பம்

என் தம்பி சாக்கோச்சனுக்கு மீன் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்துப் போடுவதும் நான்தான், கோர்ட்டில் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போவதும் நான்தான். இதில் குழம்ப என்ன இருக்கிறது? ஆனால் எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்த ஒருத்தருக்கும் இது புரியவில்லை.

போன மழைக்காலத்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு ஜீப்பை எடுத்தவன், பக்கத்து வீட்டு ஔசேப்பை வளைவில் இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் வந்துவிட்டான். யாரோ பார்த்துத் தூக்கிப் போவதற்குள் ஔசேப்பின் உயிர் போய்விட்டது. உடைந்த விளக்கோடு ஜீப் எங்கள் ரப்பர் ஷெட்டுக்குள் நுழைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். போலீஸிடமும் சொன்னேன். ஜீப் அன்று வெளியே போகவே இல்லை என்று சாதிப்பது அவன் வக்கீலின் யோசனை. ஈஸ்டர் முடிந்ததும் வழக்கு.

"எடி ஏலிக்குட்டி, சரியாத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு தேஞ்சா போயிடும்?" என்று அப்பச்சன் தினமும் பிடித்துக்கொள்வார். "இல்லையா, அவனை வீட்டை விட்டுத் துரத்து. சோத்தையும் போட்டுக் கழுத்தையும் அறுக்காதே."

"சோறும் போடுவேன், உண்மையும் சொல்வேன். ரெண்டுல ஒண்ணுதான் வேணும்னா நீங்க வேற மகளைப் பெத்திருக்கணும் அப்பச்சா."

கோவிலுக்குப் போனால் பெண்கள் வேறு மாதிரி. "கொலைகாரனுக்குத் துணி துவைச்சுப் போடறியே, வெக்கமா இல்ல?"

"அவன் செஞ்சதைத்தான் வெளுக்க முடியாது. சட்டையாவது வெளுப்பா இருக்கட்டுமே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

வாய் இப்படிப் பேசினாலும் எனக்கு உள்ளே ஒரே தவிப்பு. நான் சொல்லி அவன் ஜெயிலுக்குப் போனால் வெறுமனே மாட்டிக்கொண்டவன். தன் வாயால் சொல்லிவிட்டுப் போனால் மனிதனாகத் திரும்பி வருவான். அந்தத் தம்பிதான் எனக்கு வேண்டும். அவனோ சாப்பிடுவான், தலையைக் குனிவான், எழுந்து போவான்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வந்தது. குருத்தோலைச் சிலுவை வைத்துப் பெசகா அப்பம் இரண்டு அவித்தேன்; அன்று ராத்திரி வீட்டுப் பெரியவர் தலையை மூடிக்கொண்டு அதைப் பிட்டு எல்லோருக்கும் கொடுப்பார். சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு அப்பம் அவிக்க மாட்டார்கள். வேலிக்கு அடுத்த வீடுதான் கொடுக்க வேண்டும். எங்கள் அம்மை இறந்தபோது கொண்டுவந்து கொடுத்தவன் ஔசேப்பு. இந்த ஆண்டு அவன் மனைவி த்ரேசியாவுக்குக் கொடுக்க வேண்டிய வீடு எங்களுடையது. எங்கள் முறை என்பதால் வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது அப்பத்தை வாழையிலையில் சுற்றி சாக்கோச்சன் கையில் வைத்தேன்.

"கொண்டு போடா."

"நானா? சேச்சி, அவங்க அரிவாளைத் தூக்குவாங்க."

"தூக்கட்டும். பின்னாடியே வர்றேன். வெட்டுனா ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டு போறேன்."

"போனீங்கன்னா ரெண்டு பேரும் திரும்பி இந்தப் படி ஏறாதீங்க!" என்று அப்பச்சன் கத்தினார். நாங்கள் வேலியைத் தாண்டினோம்.

த்ரேசியா முற்றத்தில் இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றிருந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது.

"எதுக்கு வந்தே?"

சாக்கோச்சன் இலைப்பொதியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சேச்சி, ஜீப்பை ஓட்டுனது நான்தான். குடிச்சிருந்தேன். இடிச்ச சத்தம் கேட்டுச்சு. நிறுத்தல."

"இதைக் கோர்ட்ல சொல்வியா?"

"சொல்வேன். ஏலிக்குட்டி சேச்சி கூண்டுல ஏற வேண்டாம்."

பெரிய வியாழன் பூசையிலிருந்து ஈஸ்டர் வரை கோவில் மணியை அடிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துத் தொங்கியிருப்பேன். அப்படி ஒரு சந்தோஷம், கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

த்ரேசியாவின் முகம் இளகவே இல்லை. "நீ ஜெயிலுக்குப் போறதை முன்வரிசையில உக்காந்து பார்ப்பேன். ஒரு நாள் குறையக் கூடாதுன்னு ஜெபமும் பண்ணுவேன்."

"சரி சேச்சி."

"உள்ள வா. பிள்ளைங்க பசியோட இருக்கு."

ஔசேப்பு உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, தலையில் முக்காடு போட்டு, அவளே அப்பத்தைப் பிட்டாள். எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள். அடுத்த துண்டோடு கை அப்படியே நின்றது. பிறகு அதை சாக்கோச்சனிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கித் தேம்பித் தேம்பி அழுதான். "அழுதுக்கிட்டே தின்னா விக்கும்" என்று சின்னவள் அவனுக்குச் சொன்னாள்.

"ஆமா, பால் எங்கடி?" என்றாள் த்ரேசியா. அப்பத்தைத் தொட்டுத் தின்னும் தேங்காய்ப்பாலை அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்! பதறி எழுந்தால், வாசலில் அப்பச்சன். தலையில் துண்டு, கையில் பால் சட்டி, வழியெல்லாம் சிந்திய பால் வேட்டியில்.

"புத்தி கெட்டவளே, பால் இல்லாம அப்பம் அனுப்புற வீடு எந்த ஊர்ல இருக்கு?" என்று என்னைத் திட்டினார். சட்டியை த்ரேசியா முன்னால் வைத்தார். நிமிரவில்லை.

"மோளே, அன்னிக்கு ஜீப் ஷெட்டுக்கு வந்ததை நானும் பார்த்தேன். அதையும் கோர்ட்ல சொல்லிடறேன்."

த்ரேசியா சாக்கோச்சனைக் கொஞ்சம் நகரச் சொல்லி, பாயில் இடம் காட்டினாள்.

"மூத்தவருக்குத்தான் முதல்ல கொடுத்திருக்கணும். லேட்டா வந்தா இப்படித்தான்" என்று சொல்லி, அப்பச்சனுக்கும் ஒரு துண்டைப் பிட்டுக் கொடுத்தாள்.