நீர்க்கோட்டுக்குக் கீழே

அம்மா போர்வையை அப்பாவின் கழுத்துவரை இழுத்துவிட்டு, வாயோரத்தைத் துணியால் ஒற்றினாள்.

“அழாதேடி.”

“அப்பா உடம்பு ஜில்லுன்னு ஆயிடுச்சும்மா...”

“தெரியும். விடியுறப்பவே தெரியும். வெள்ளச் சேதம் பாக்குற ஆள் நம்ம தெருவுக்குள்ள வந்தாச்சு. நிவாரணத்துக்கு எழுதினது உங்கப்பா பேர்ல. ஆள் இல்லைன்னா மொதல்லேர்ந்து எழுதுன்னுவாங்க. இன்னிக்கோட கணக்கெடுப்பு முடியுது. இந்தக் கூரை இன்னொரு மழை தாங்குமா? அவர் தூங்குறார். அவ்வளவுதான்.”

மகள் முகம் கழுவி வருவதற்குள் அந்த ஆள் வாசலில் நின்றிருந்தார். கையில் அளவு நாடா, காலெல்லாம் சேறு.

“வீட்டுக்காரர் இருக்காரா?”

“மெல்லப் பேசுங்க தம்பி. ராத்திரியெல்லாம் இருமல். இப்பத்தான் கண்ணசந்தார்.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல் உள்ளே வந்தார். நாலு சுவரிலும் தண்ணீர் நின்ற தடம் பழுப்புக் கோடாக ஓடியது. கட்டில் அதற்கு வெகு கீழே கிடந்தது. வெள்ளம் இன்னும் வடியவேயில்லை, அப்பா அதன் அடியில் நிம்மதியாகப் படுத்திருக்கிறார், தாங்கள் மூவரும் கழுத்தளவில் நிற்கிறோம் என்று மகளுக்குத் தோன்றியது. சன்னல் வெளிச்சம்கூடப் பச்சையாக அசைந்தது.

“தையல் மெஷினும் போச்சா?” கிசுகிசுப்பாகக் கேட்டார்.

“துருப்பிடிச்சுப் போச்சு. அவர் முழிச்சிருந்தா அதோட கதையைச் சொல்லியே உங்களை மதியம்வரைக்கும் விடமாட்டார். தூங்குறது உங்க நல்ல நேரம்.”

அந்த ஆள் சிரித்தார். நாடாவைக் கட்டிலுக்கு மேலாக நீட்டினார். நிமிரும்போது அவர் பார்வை போர்வையில் நின்றது. அப்பாவின் மார்பின்மேல் அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஓர் ஈ அப்பாவின் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. அந்த ஆள்தான் கையை வீசி மெல்ல அதை விரட்டினார்.

“வீட்டுக்காரர் நேர்ல இருந்தார்னு போட்டுக்குறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்: “பக்கத்து வீடுதான் கடைசிம்மா. அதை முடிச்சு என் வண்டி கிளம்பட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

அம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெருவில் ‘ரேடியோ’ என்று பேர். சுவரைத் தாண்டி அவள் குரல் வந்தது.

“என் ஃபிரிட்ஜ் படகு மாதிரி மிதந்துச்சு சார்! உள்ள முட்டையோட!”

அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று மகள் பார்த்தாள். போர்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள் அம்மா.

வெகுநேரம் கழித்து வண்டி கிளம்பியது. சத்தம் தெருவோடு தேய்ந்து, அப்புறம் இல்லாமலே போயிற்று.

“வண்டி போயிடுச்சும்மா,” என்றாள் மகள், இன்னும் கிசுகிசுப்பாகவே.

அம்மா அப்பாவின் தலையணையைச் சரிசெய்தாள்.

“இரு. இன்னும் கேக்குது.”