ஏழாம் பக்கத்துச் சிவப்புக் கோடு

1

மார்ச் 9. என் குற்றச்சாட்டு இது: விசாரணை அலுவலர் என் இளைய மகளின் வாக்குமூலத்தை ‘முன்னுக்குப்பின் முரணானது’ என்று குறித்துவிட்டார். அவளுடைய ஏழு வயதுப் பெண்குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை இம்மாதம் இருபத்து மூன்றாம் நாள் அவர் முடிவு செய்யப் போகிறார்.

இக்கதை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து பிறந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் எழுத்தைத் திருத்தியவன் நான். கதை எழுதுவது இதுவே முதல் முறை. (பத்திரிகைக்குக் கடிதமாகத்தான் தொடங்கினேன். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்பதற்கு மேல் கை நகரவில்லை.)

2

முதல் தொடக்கம்: ‘என் முன்னாள் மருமகன் கொடியவன். ஒரு நாள் அவன்—’

வேண்டாம். மாணவன் இப்படி எழுதியிருந்தால், ‘என்ன செய்தான்?’ என்று ஓரத்தில் கேட்டிருப்பேன்.

இரண்டாம் தொடக்கம்: மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளர் தம் சாவிக்கொத்தைக் கண்ணாடி மேசைமீது போட்டார். அடுத்த நொடி அவள் மேசைக்கு அடியில் இருந்தாள். முழங்கால்கள் மார்போடு ஒட்டியிருந்தன. தன் வாயைத் தானே பொத்தியிருந்தாள்.

கடை முதலாளி என்னை வரவழைத்தார். “சார், கண்ணாடிக் கடையில கண்ணாமூச்சி ஆடினா வியாபாரம் என்னாகறது? வந்தவரு கண்ணு கூட காட்டாம ஓடிட்டாரு.”

நான் தரையில் மண்டியிட்டேன். “அவன் இங்க இல்லம்மா.”

“தெரியும்ப்பா. எனக்குத் தெரியுது. கைக்கும் காலுக்கும்தான் தெரியல.”

இத்தொடக்கம் இருக்கட்டும்.

3

அவள் மணவிலக்குப் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மனநல மருத்துவர், என்னைவிட இருபது வயது இளைய பெண்மணி, பொறுமையாக விளக்கினார்.

“அடி நின்னுடுச்சு ஐயா. உடம்புக்கு அந்தத் தகவல் போய்ச் சேரல. இன்னும் காவல் காத்துக்கிட்டே இருக்கு. சத்தம் நினைவிருக்கும், வாசனை நினைவிருக்கும்; தேதி கலைஞ்சு போயிருக்கும். வரிசையாச் சொல்லுன்னு மட்டும் கேட்காதீங்க.”

கேட்டுக்கொண்டேன். தலையையும் ஆட்டினேன்.

(அடிக்குறிப்பாகக் கொள்க: இதற்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று பெயர். போர்முனையிலிருந்து திரும்புகிறவர்களுக்கு மட்டுமே அது வரும் என்று எண்ணியிருந்தேன். சமையலறையிலிருந்தும் திரும்புகிறார்கள்.)

பின்னர், முன்னாள் மருமகன் குழந்தையைக் கேட்டு மனுக் கொடுத்தான். தாய்க்கு மனநிலை சரியில்லையாம். மேசைக்கு அடியில் ஒளிகிறாளாம். அடித்ததாகச் சொல்வதெல்லாம் கற்பனையாம். காயத்தை உண்டாக்கியவனே அதைத் தன் தரப்புச் சான்றாக நீட்டினான்! நோயின் காரணம் அவன்தான் என்று காட்டினால் குழந்தை அவளிடம் இருக்கும். இல்லையேல் அந்த நோயே குழந்தையைக் கொண்டுபோய்விடும்.

பதில் மனுவுக்காக அவள் பதினொரு பக்கங்கள் எழுதித் தந்தாள். கரண்டி விழும் ஓசையில் தொடங்கி, ஒரு மழைக்குத் தாவி, திருமணத்துக்குத் திரும்பிச் சென்று, எங்கோ பாதியில் நின்றது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். வரிசைப்படுத்தினேன், மிகையை நீக்கினேன், மூன்று பக்கங்களாக்கினேன்.

படித்துவிட்டு அவள் சொன்னாள்: “நல்லா இருக்குப்பா. யாருக்கோ நடந்த மாதிரி இருக்கு.”

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

4

அலுவலரைக் கல்நெஞ்சராகப் படைக்கவே விரும்பினேன். ஆனால் விசாரணையன்று அவர் தம் கையாலேயே அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அதை மறைத்தால் கதை பொய்யாகும்.

“சாவிச் சத்தம்னா ஏம்மா இவ்வளவு பயம்?”

“அப்பா வீட்டு வாசல்ல... அவர் சாவிய ஆட்டிக்கிட்டே நின்னாரு. பாப்பா என் தோள்ல இருந்தா.”

“அப்பா வீட்டுலயா? மனுவுல அப்படி ஒண்ணும் காணோமே.” மூன்று பக்கங்களையும் புரட்டியவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். உங்க வீட்டுக்கு வந்தாங்களா?”

நான் சொன்னேன்: “சரியா நினைவில்ல.”

மகள் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலர் ‘முரண்’ என்று எழுதினார்.

5

வீடு திரும்பியதும் அந்தப் பதினொரு பக்கங்களைத் தேடி எடுத்தேன். ஏழாம் பக்கத்தின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் என் கையெழுத்து, அழகாக: ‘தொடர்பற்றது. நீக்குக.’ அந்தக் கோடு அடித்திருந்த அவள் வரிகள்:

‘அப்பா வீட்டுக்கு ஓடினேன். அப்பா தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கிழிந்திருந்த என் உதட்டைப் பார்த்தார். என் கணவருக்குப் போன் செய்து, வந்து கூட்டிப்போகச் சொன்னார். வாசலில் சாவிச் சத்தம்.’

வாசகரே, நான் இதை மறக்கவில்லை. அவளிடம் கலைந்துபோன தேதி என்னிடம் கலையாமல் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் 17, பிற்பகல் இரண்டு மணி. நாற்பத்திரண்டு தாள்களில் பத்தொன்பதைத் திருத்தியிருந்தேன். அவள் ஒரு காலில் மட்டும் செருப்பு அணிந்திருந்தாள். வந்தவனுக்குத் தேநீர் கொடுத்தேன். அவன் குடித்து முடிக்கும்வரை அவள் சுவரோடு சுவராக நின்றாள். அவர்கள் சென்றபின் இருபதாவது தாளை எடுத்த நான்—

முதற்பகுதியிலுள்ள குற்றச்சாட்டை நான் நீக்கவில்லை. எழுவாயை மட்டும் மாற்றிப் படியுங்கள்.

6

முடிவு ஒன்று: நான் எழுந்து, எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முடிவு இரண்டு: அலுவலர் என்னைக் கேட்கவே இல்லை. (இதை எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு திடுக்கிட்டேன்.)

இதுவரை எழுதியதை மகளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“இதுல எது முடிவு?”

“நீயே சொல்லும்மா.”

“இப்பவே எழுதி வச்சா அதையும் திருத்திடுவீங்கப்பா” என்று தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு, குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரச் சென்றாள்.

ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை. இருபத்து மூன்றாம் நாள், காலை பதினொரு மணி, விசாரணை அறை. பின்வரிசையில் இடம் இருக்கும், வந்து அமருங்கள். அலுவலர் என்னைக் கேட்கும்போது நான் மீண்டும் ‘நினைவில்லை’ என்றால், எழுந்து நின்று, ஆகஸ்ட் 17, பிற்பகல் இரண்டு மணி, என் வீட்டு வாசல் என்று உரக்கச் சொல்லுங்கள். இப்போது உங்களுக்கும் நினைவிருக்கிறது.