கழியால் தள்ளியவர்

பல் டாக்டரிடம் பல வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு அருவருப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. சீழும் ரத்தமும் எச்சிலும் துடைத்துப் பழகிய கை. கழுவிவிட்டு நிம்மதியாகச் சோற்றுக்கு உட்காருவாள். அதனால் அக்கா கணவர், "கால்வாய்த் தண்ணி கொஞ்சம் நாறும். ஆனா நாலு வார்த்தை பேசிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது" என்று படகு பேசியபோது அவள் முகம் சுளிக்கவில்லை.

பேசிப் பழக வேண்டிய ஆள், அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை, ஒரு டைல்ஸ் கடைக்காரர். படகில் ஏறியதும் பலகையைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து உட்கார்ந்தார். அக்கா அவள் இடுப்பில் கிள்ளினாள். "எவ்வளவு சுத்தம் பாத்தியாடி!"

வெயில் மண்டையைப் பிளந்தது. இரு கரையிலும் வீடுகளின் பின்பக்கம். குழாய்கள் சோப்பு நுரையையும் அதைவிட மோசமானதையும் கக்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் பழைய எண்ணெய்போல் ஏடு கட்டிக் கிடந்தது. கடைக்காரர் சிப்ஸ் தின்று, விரலை நக்கி, காலிப் பாக்கெட்டைத் தண்ணீரில் விட்டெறிந்தார். "இதுல போட்டா என்ன, போடாட்டி என்ன!" அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்காவிட்டால் சம்பந்தம் தட்டிப்போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

ஒரு வளைவு திரும்பியதும் நாற்றம் வேறாகியது. படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். ஆகாயத்தாமரை ஓரமாக ஒரு கோடு போட்ட சட்டை உப்பி மிதந்தது. சட்டைக்குள் முதுகு இருந்தது.

"ஐயோ!" அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நாம எதையும் பாக்கல," என்றார் கடைக்காரர். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "போலீஸு, விசாரணைன்னு யாரு அலையறது?" படகுக்காரரின் கழியைப் பிடுங்கி, அந்த முதுகில் ஊன்றி அழுத்தினார். உடல் மெல்லப் புரண்டது. வீங்கிய கன்னம் ஒரு கணம் மேலே வந்து, இலைகளுக்கடியில் போனது. கழியைத் திருப்பிக் கொடுத்தவர், அதே கையால் இன்னொரு பாக்கெட்டைப் பிரித்து ஒரு சிப்ஸை வாயில் போட்டார்.

அவள் சட்டென்று திரும்பி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

"பாவம், பொணத்தப் பாத்துப் பயந்துட்டாங்க," என்று கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். விரல்களில் எண்ணெய் மினுங்கியது. அவள் வாங்கவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"அண்ணே, படகைத் திருப்புங்க. கயிறு இருக்கா?"

"ஏம்மா, கொஞ்சம் சும்மா இரேன்," அத்தான் பல்லைக் கடித்தார்.

"அவரும் யாரோ வீட்டு மனுஷன்தானே அத்தான்? வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாங்க."

படகுக்காரர் படகைத் திருப்பி, கயிற்றை அவளிடம் நீட்டிவிட்டு இலைகளை விலக்கினார். அவள் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அக்குளுக்குக் கீழே கயிற்றைக் கொடுத்தாள். தோல் அவள் விரலோடு வழுக்கி வந்தது. கண்ணை மூடாமல் முடிச்சுப் போட்டாள். படகு இழுத்துக்கொண்டு நகர்ந்தது. கடைக்காரர் முன்பக்கம் போய், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

படகுத்துறையில் கூட்டம் கூடியது. ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, சட்டையைப் பார்த்ததும் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்கண்ணன்..." என்றாள். போலீஸ்காரர் வந்து நாலு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார். அதற்குள் கடைக்காரர் ஆட்டோ பிடித்துப் போயிருந்தார்.

சாயங்காலமே போன் வந்தது. பிணத்தைத் தொட்ட பெண் தங்கள் வீட்டுக்குச் சரிப்பட்டு வராதாம். அத்தான் போய்ப் படுத்துக்கொண்டார்.

அக்கா மட்டும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அவள் தலையில் வெந்நீர் ஊற்றினாள். திடீரென்று செம்பு நின்றது.

"அந்தாளு கழியை ஊனி அழுத்தினதை விரலிடுக்குல பாத்தேன்டி," என்றாள் அக்கா. "பாத்துட்டும், உன்னை அவருக்கே கட்டிவெச்சிடலாம்னுதான் நெனச்சேன். சீ!"

அவள் கண்ணில் வழிந்த சோப்பைத் துடைத்துக்கொண்டு, "ஊத்துக்கா," என்றாள்.